மாவு மில் எதிரில்

அரிசி அரைக்க வந்தவளுக்கு ஆரஞ்சு எதற்கு என்றுதானே பார்க்கிறீர்கள். பார்த்துவிட்டீர்கள், இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. அது உங்களுக்குத்தான் அக்கா. காலில் கட்டுப் போட்டிருக்கிறவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன். வாங்கிய பிறகு பயம் வந்துவிட்டது. முன்பின் தெரியாதவள் பழத்தோடு வந்து நின்றால், யார் நீ, என் கால் உடைந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்களே. அதனால் அரிசிப் பொட்டலத்தை மேலே வைத்து மூடிக்கொண்டு வந்தேன். வீட்டில் கிடந்த பச்சரிசிதான். அரைத்தாலும் சரி, அரைக்காவிட்டாலும் சரி.

கரண்ட் எப்போது வருமாம்? வரும்போது வருமா. சரி.

உண்மையைச் சொல்லட்டுமா. நான் உள்ளே நுழைந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இந்தச் சத்தத்தில் எதுவும் பேச முடியாது, மாவை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம், போனேன், பேச முடியவில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அப்படி நினைத்து முடிக்கவில்லை, கரண்ட் போய்விட்டது. மற்றவர்கள் எல்லாம் தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நீங்களும் நானும் என் பிள்ளையும்தான் மிச்சம்.

இவளை அந்தச் சாக்கின் மேல் படுக்க வைக்கட்டுமா? தூங்கிவிட்டாள். ஜோவிட்டா என்று பெயர். என் பெயர் ரெனிட்டா. பாளையங்கோட்டையிலிருந்து வருகிறேன். கனகமணி மோட்டார்ஸில் வேலை பார்க்கிறேன்.

பார்த்தீர்களா, பெயரைக் கேட்டதும் உங்கள் முகம் மாறுகிறது.

கார் கேட்டு இங்கே ஆட்கள் வந்தார்கள் இல்லையா அக்கா? ஒரு வாத்தியார் வந்தார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து அந்தப் புளிய மரத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "இங்க கனகமணி மோட்டார்ஸ் பிராஞ்ச் எங்க இருக்கு?" என்று உங்களைக் கேட்டார்கள். நீங்கள், "இங்கன மொளகாப்பொடி பிராஞ்ச்தான் இருக்கு, வேணுமா?" என்று சொல்லி அனுப்பினீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், திரும்பிப் போகிற வழியில் அந்த வாத்தியார் எங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டுத் திட்டினார். போன் எடுக்கிற பெண் சுபா, அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "மேடம், நம்ம ஏரல் பிராஞ்சுல காரை மொளகாயோட சேத்து அரைச்சுக் குடுக்காங்களாம்." நானும் சிரித்தேன். அன்றைக்கே திருத்தியிருக்கலாம். ஒரு வரிதான். பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். காய்ச்சல் உண்மைதான் அக்கா. அதைப் பொய் என்று நினைக்காதீர்கள்.

அந்த ஆட்களை உங்கள் வாசலுக்கு அனுப்பியது நான்தான்.

இருங்கள். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

கனகமணியில் பழைய கார் வாங்கி விற்பார்கள், சர்வீஸும் உண்டு. வண்ணார்பேட்டையில் ஒரே ஒரு கடை. வேறு கிளையே கிடையாது. அவர்களுடைய வெப்சைட்டில் என்னென்ன வர வேண்டுமோ அதை எழுதுவது என் வேலை. என் வீட்டுக்காரர் ஷெல்டன் அங்கேயேதான் சேல்ஸில் இருக்கிறார். இவள் வயிற்றில் இருந்தபோது நான் ஒரு பக்கம் எழுதினேன் அக்கா. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடற்கரை ஊரில் ஓடிய காரை வாங்கும்போது எங்கே எங்கே துரு பார்க்க வேண்டும் என்று. எங்கள் ஒர்க்ஷாப் மெக்கானிக்கோடு வெயிலில் நின்று, மிதியடியைத் தூக்கிப் பார்த்து, ஸ்டெப்னி வைக்கிற குழிக்குள் கையை விட்டுப் பார்த்து எழுதினேன். கை முழுக்கச் செம்பொடி. அதைப் படித்துவிட்டு மணப்பாட்டிலிருந்து ஒருவர் போன் செய்து, "நல்ல காலம், வாங்க இருந்தேன், விட்டுட்டேன்" என்றார். வாங்க இருந்தது எங்கள் கார் இல்லை, வேறு யாருடையதோ. ஆனாலும் முதலாளிக்குச் சந்தோஷம்.

முதலாளி கனகமணி அண்ணாச்சி கெட்டவர் இல்லை. பிள்ளை பிறந்ததும், "வீட்ல இருந்தே பாரும்மா" என்று சொன்னவர். அவர்தான் ஒருநாள் கேட்டார். "ஒரு பக்கத்துக்கே இவ்வளவு பேர் வாராங்கன்னா, ஊருக்கு ஒரு பக்கம் போட்டா? சாத்தான்குளத்துக்காரன் தேடுனா சாத்தான்குளம் வரணும், ஏரல்காரன் தேடுனா ஏரல் வரணும். எல்லாத்துலயும் நாமதான் மொதல்ல நிக்கணும்."

"அத்தனை ஊருக்கு எப்படி அண்ணாச்சி எழுத?" என்றேன்.

"நீ ஏன் எழுதுத? இப்பதான் ஏஐன்னு ஒண்ணு இருக்கே. என் மருமவன் அதுல கல்யாண பத்திரிகையே எழுதிட்டான்."

ஏஐ என்றால் கம்ப்யூட்டரே எழுதித் தருவது அக்கா. இன்னது வேண்டும் என்று கேட்டால் போதும். எப்படிச் சொல்ல... உங்கள் மில் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போட்டால் கீழே வரும்.

சிரிக்கிறீர்கள். ஆமாம். உங்கள் மில்லில் போடாத அரிசி மாவாக வராது. அதில் வரும். அதுதான் வித்தியாசம்.

ஊர்ப் பெயரைப் போடுவேன், பக்கம் வரும். இன்னொரு ஊர், இன்னொரு பக்கம். இவளைத் தொட்டிலில் போட்டு ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் போட்டேன். எல்லா ஊரும், "தாமிரபரணிக் கரையில் அமைந்த அழகிய ஊர்" என்று வந்தது. சாத்தான்குளத்துக்குத் தாமிரபரணி. திசையன்விளைக்குத் தாமிரபரணி. தேரிக்காட்டு மணலுக்கும் தாமிரபரணி. அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஆறு இருந்தா நல்லதுதானம்மா, இருந்துட்டுப் போட்டும்" என்றார். கிளை இல்லாத ஊரில் எல்லாம் கிளை இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்றும், பிரேக் உடனே சரிபார்த்துத் தரப்படும் என்றும் அதுவாகவே எழுதியது. நான் அப்படிக் கேட்கவில்லை அக்கா. சத்தியமாகக் கேட்கவில்லை. நான் செய்ததெல்லாம் அழிக்காமல் விட்டதுதான்.

கிளைக்கு வழி சொல்கிற இடத்தில் மட்டும், "அருகில் உள்ள அடையாளம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு காலி இடம் விட்டிருந்தது. அதற்குத் தெரியாதே, எந்த ஊரில் எது அடையாளம் என்று. மற்ற ஊர்களுக்கு, "பஸ் ஸ்டாண்ட் அருகில்" என்று போட்டுக்கொண்டே வந்தேன். பஸ் ஸ்டாண்ட் இல்லாத ஊருக்கும் அதுதான். ஏரல் வந்தபோது கை நின்றது.

ஏரல் எனக்குத் தெரியும் அக்கா. சின்ன வயதில் அப்பாவோடு பாத்திரக் கடைக்கு வந்திருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி இந்த வழியாகத்தான் போவோம். இந்த மில் வாசலைத் தாண்டும்போது எனக்குத் தும்மல் வரும். மிளகாய் நெடி. அப்பா கைக்குட்டையால் என் மூக்கைப் பொத்துவார். அது ஞாபகம் வந்துவிட்டது. கான்வென்டில் எங்களுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்த சிஸ்டர் கன்சோலாட்டா ஒன்று சொல்வார். "முன்பின் தெரியாதவர் ஒருவர் நீ எழுதியதைப் படித்து அந்த இடத்துக்கு வழி கண்டுபிடித்து வரவேண்டும். அப்படி எழுது." அத்தனை பக்கத்திலும் என் கையால் ஒன்றுமே எழுதவில்லையே என்று எனக்கே உறுத்தலாக இருந்தது. ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று போட்டேன்.

"மாவு மில் எதிரில்."

அந்த மூன்று வார்த்தைதான் என்னுடையது.

மற்ற ஊர்களில் ஒருவரும் எங்களைத் தேடி அலையவில்லை அக்கா. படித்தாலே தெரிந்துவிடும் போலிருக்கிறது, வெறும் பேச்சு என்று. ஏரலுக்கு மட்டும்தான் ஆள் வந்தது.

உங்களுக்கு அடிபட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் பெயர் ஞானதிரவியம். உங்களுக்குத் தெரியும், போலீஸ் வந்து கேட்டபோது பெயரைச் சொல்லியிருப்பார்கள். உடன்குடிக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருடைய அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் காட்ட, தன் பழைய காரில் திருநெல்வேலி போய்க்கொண்டிருந்தார். குரும்பூர் தாண்டும்போது பிரேக் பிடிக்காமல் இறங்குகிறது. மெதுவாக ஓரம் கட்டி, போனை எடுத்துத் தேடுகிறார். ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கம் முதலில் வருகிறது. ஞாயிறும் திறந்திருக்கும். பிரேக் உடனே பார்க்கப்படும். ஏரல், மாவு மில் எதிரில். அங்கேயே குரும்பூரில் ஒரு மெக்கானிக் வீடு இருந்ததாம், யாரையாவது கேட்டிருந்தால் காட்டியிருப்பார்கள். இவர் யாரையும் கேட்கவில்லை. கையில்தான் எழுதி வந்துவிட்டதே. நேர் ரோட்டை விட்டு இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். முதல் கியரில், ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வந்தாராம். மில் தெரிகிறது. எதிரில் கம்பெனியைத் தேடுகிறார், மரம் நிற்கிறது. தேடின அந்த நேரத்தில் வண்டி இந்தச் சரிவில் உருண்டுவிட்டது. நீங்கள் அந்தப் படியில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டு இருந்தீர்கள்.

படி இன்னும் அப்படியே உடைந்துதான் கிடக்கிறது. வரும்போதே பார்த்தேன். அதைத் தாண்டி வரக் கால் கூசியது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவர் ஆபீஸுக்குப் போன் செய்தார். சுபா, "வெப்சைட் விஷயம்னா மேடத்துட்ட பேசுங்க" என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டாள். அவர் சத்தமே போடவில்லை அக்கா. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மேடம், உங்க ஏரல் பிராஞ்ச் எங்க இருக்கு? மில்லுக்கு எதுக்க புளிய மரம்தான் நிக்கி. போலீஸ்ல கேக்காங்க, நீ எதுக்குல அந்தத் தெருவுக்குள்ள போனன்னு. நான் கூகுள்ல பாத்துத்தான் போனேம்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டுக்காங்க. அந்த மில்லுக்காரம்மா நான் குடிச்சிருந்தேம்னு சொல்லிட்டாங்க. ஸ்கூல்ல வேனைத் தொடாதன்னுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம். அப்படி ஒரு பக்கம் இருந்துச்சுன்னு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "செக் பண்ணிட்டுச் சொல்றோம் சார்." வாடிக்கையாளர் யார் என்ன கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் நம்பர் வந்தாலே போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன். அடியில் கிடந்து அது நடுங்கும். ஷெல்டன் கேட்டால், லோன் கம்பெனிக்காரன் என்பேன்.

போலீஸ் ஜீப் எங்கள் தெருவில் போனால் எனக்குப் பால் சுரப்பது நின்றுவிடும் அக்கா. என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் இவள் யாரிடம் இருப்பாள். புட்டிப்பால் குடிக்க மாட்டாள்.

அதே வாரம்தான் நோட்டீஸ் வந்தது. போலீஸிலிருந்து இல்லை, கூகுளிலிருந்து. எங்கள் சைட் முழுவதையும் தேடலில் இருந்து எடுத்துவிட்டார்களாம். ஸ்பேம் விதியை மீறிவிட்டோமாம். ஸ்பேம் என்றால் குப்பை என்று வைத்துக்கொள்ளுங்களேன். தேடுகிறவர்கள் கண்ணில் அள்ளிப் போடுகிற குப்பை. பெயரைப் போட்டுத் தேடினாலும் நாங்கள் இல்லை. நான் எழுதிய அந்தத் துருப் பக்கமும் சேர்ந்து போயிற்று. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கடவுள்தான் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரு வினாடி நினைத்துவிட்டேன். உங்கள் காலுக்கும் அந்த நோட்டீஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

மெஷின் எழுதியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதுதான் தப்பு என்று நினைத்தேன். கான்வென்டில் எங்களுக்கு அதைவிடப் பெரிய பாவம் கிடையாது, பார்த்து எழுதுவது. பாவசங்கீர்த்தனத்துக்கே போய்விட்டேன் அக்கா. "காப்பி அடிச்சுட்டேன் ஃபாதர்" என்றேன். "பரீட்சையிலயா?" என்றார். "இல்ல ஃபாதர், மெஷின பாத்து." அவர், "எல்லாரும் இப்ப அதத்தானம்மா செய்றாங்க" என்று சொல்லி, செபமாலை சொல்லச் சொன்னார். உங்கள் காலைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. ஞானதிரவியம் பற்றியும் சொல்லவில்லை. ஏன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

அப்புறம் ஏரலை மட்டும் தொடாமல் மற்ற எல்லாப் பக்கத்தையும் உட்கார்ந்து என் கையால் எழுதினேன். ஊர் ஊராக. தாமிரபரணியை எடுத்தேன். தேரிக்காட்டுக்குச் செம்மண் போட்டேன், திசையன்விளைக்கு முருங்கைக்காய்ச் சந்தை போட்டேன். இடுப்பு கழன்றுவிட்டது. மறுபடி பார்க்கச் சொல்லி விண்ணப்பம் போட்டோம். முடியாது என்று வந்துவிட்டது.

அண்ணாச்சிக்குக் கோபம். "மெஷினு எழுதுனா தப்புன்னான். மனுசி எழுதிட்டா, இப்ப என்னவாம்?"

அன்றைக்குத்தான் அந்த விதியை முழுக்கப் படித்தேன். அது வரைக்கும் படிக்கவே இல்லை, கேள்விப்பட்டதோடு சரி. மெஷின் எழுதக் கூடாது என்று அதில் இல்லவே இல்லை அக்கா. மெஷின் எழுதினாலும் ஆள் எழுதினாலும் அவர்களுக்கு ஒன்றுதான். படிக்கிறவருக்கு ஒரு உபயோகமும் இல்லாமல், தேடலில் முந்தி நிற்பதற்காக மட்டும் கட்டுக்கட்டாகப் பக்கம் போட்டால் அது குப்பை. ஊர் ஊருக்கு ஒரு வாசல் வைத்து, எந்த வாசலில் நுழைந்தாலும் கடைசியில் ஒரே கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தால் அதுவும் குப்பை. அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப கார் கடைக்காரன் எழுதவே கூடாதா?"

"அந்தத் துருப் பக்கம் மாதிரி எழுதலாம் அண்ணாச்சி. அதுல தப்பில்ல."

"அப்ப மத்ததை எல்லாம் தூக்கிரு. அடையாளம் இல்லாம தூக்கிரு. அந்த ஏரல் பக்கத்தை மொதல்ல தூக்கு. ஒருத்தன் போலீஸ்ல என்னமோ ஒளறிட்டு அலையுதானாம்." பிறகு மெதுவாகச் சொன்னார். "ஷெல்டனை வள்ளியூர்ப் பக்கம் போடலாம்னு யோசிக்கேன். ஒனக்கும் பிள்ளைய வச்சிக்கிட்டுச் சிரமம். சைட்டு திரும்ப வந்துட்டா யாரையும் எங்கயும் மாத்த வேண்டாம்."

வள்ளியூரில் எங்களுக்குக் கடையே கிடையாது. பக்கம்தான் இருக்கிறது. வேலையை விட்டு அனுப்புவதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எல்லா ஊரையும் தூக்கிவிட்டேன். ஏரல் ஒன்றுதான் பாக்கி. அதைத் தொடக் கை வரமாட்டேன் என்கிறது. அதைத் தூக்கினால்தான் கூகுள் எங்களைத் திரும்பச் சேர்க்கும். தூக்கிவிட்டால் ஞானதிரவியம் சொன்னது பொய்யாகிவிடும். இப்போதே அந்தப் பக்கம் தேடலில் வருவதில்லை. அட்ரஸைத் தெரிந்து நேராகப் போனால்தான் பார்க்கலாம். அதுவும் போய்விட்டால் அவர் குடித்துவிட்டு வந்து மில்லில் இடித்தவர்தான், வேறு கதையே இல்லை.

போட்டோ எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்து வைத்திருக்கிறேன் அக்கா. போனில் இருக்கிறது. அதை யார் காட்டுவது? நான் காட்டினால்தானே அது சாட்சி. வேறு யார் காட்டினாலும் அது வெறும் படம்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். அடிபட்டது நீங்கள். நீங்களே ஒரு வார்த்தை, "சரி பிள்ள, அத எடுத்துரு, நடந்தது நடந்து போச்சு" என்று சொல்லிவிட்டால், நான் எடுத்துவிடுவேன். எனக்கு மனசு ஆறிவிடும். உங்கள் கால் செலவுக்கு என்னால் முடிந்ததை மாசா மாசம்...

என்ன கேட்டீர்கள்? படித்துக் காட்டவா? அந்தப் பக்கத்தையா?

வேண்டாமே அக்கா.

சரி.

"தாமிரபரணிக் கரையில் அமைந்த அழகிய ஊரான ஏரல் மக்களின் நெஞ்சம் நிறைந்த நம்பிக்கை, கனகமணி மோட்டார்ஸ். உங்கள் காரின் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு. பிரேக் கோளாறா? கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். ஏரல் கிளை: மாவு மில் எதிரில்."

ஏரல் மட்டும் உண்மையிலேயே ஆற்றங்கரை. அதில் ஒரு தப்பும் இல்லை.

என்ன அக்கா, போனையே பார்க்கிறீர்கள்?

ஓ. அன்றைக்கு அவர் உங்களிடமும் போனைக் காட்டினாரா. நீங்கள் கீழே கிடக்கும்போது. "பாருங்கம்மா, இதுல போட்டிருக்கு, பாருங்கம்மா" என்று முகத்துக்கு நேரே நீட்டினாரா. நீங்கள் அதைத் தட்டிவிட்டீர்கள். அடிபட்டுக் கிடக்கிறேன், இவன் போனை நோண்டுகிறானே என்று. அந்த ஆத்திரத்தில்தான் குடித்திருந்தான் என்று சொன்னீர்களா? வாடை எதுவும் அடிக்கவில்லையா?

அடிக்கவில்லை.

நீங்கள் அழ வேண்டாம் அக்கா. வலியில் யாரும் சொல்வதுதான். நான் வலி ஒன்றும் இல்லாமலே, "செக் பண்ணிட்டுச் சொல்றோம்" என்று சொன்னவள்.

முதலாளி மேல் கேஸ் போட்டால் கிடைக்குமா என்றா கேட்கிறீர்கள்? தெரியவில்லை. கிடைக்கலாம். ஞானதிரவியத்திடம் என்ன இருக்கிறது பிடுங்க, எங்கள் அண்ணாச்சியிடம்தான் இருக்கிறது என்கிறீர்கள். அதுவும் சரிதான். ஆனால் அதற்கு அந்தப் பக்கம் வேண்டுமே. நான் அதை எடுக்கலாமா என்று கேட்கத்தானே வந்தேன்.

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

"பக்கம் இருந்தா என்ன, போனா என்ன. எழுதுன நீ இருக்கேல்லா."

நீங்கள் கேஸுக்காகச் சொல்கிறீர்களா, அந்த ஆளுக்காகச் சொல்கிறீர்களா?

ரெண்டுக்கும்தானா. சரி.

எனக்கு வேலை போய்விடும் அக்கா. என் வீட்டுக்காரருக்கும் போய்விடும். இதோ இவள் இருக்கிறாள். நீங்கள் பேசாமல் அந்த ஆரஞ்சை வாங்கிக்கொண்டு என்னைத் திட்டி அனுப்பியிருக்கலாம். நான் அதற்குத்தான் தயாராகி வந்தேன். பஸ்ஸில் வரும்போது நீங்கள் என்னென்ன திட்டுவீர்கள், நான் எப்படி எப்படி அழுவேன் என்று எல்லாம் யோசித்துவிட்டேன். ஞானதிரவியத்துக்குப் போன் போடச் சொல்வீர்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

நம்பர் இருக்கிறது. பெயர்கூடப் போட்டு வைக்கவில்லை. ஆனால் பார்த்தாலே தெரியும், கடைசியில் எல்லாம் ஒரே எண்ணாக வரும்.

இப்போதேவா?

அந்த பல்பு எரிகிறதே. கரண்ட் வந்துவிட்டது அக்கா. பாருங்கள், வெளியே ஆட்களும் வருகிறார்கள். அவர்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள், நீங்கள் அரைத்துவிடுங்கள். என் அரிசியைக் கடைசியில் போட்டால் போதும். இல்லாவிட்டால் நான் நாளைக்கு வந்து...

"இந்தப் பிள்ள போன் பேசி முடிக்கட்டும், அது வரைக்கும் மோட்டார் கெடையாது" என்று அவர்களிடம் எதற்கு அக்கா சொல்கிறீர்கள். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

சரி. இவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்தால் முதுகில் தட்டினால் போதும், திரும்பத் தூங்கிவிடுவாள்.

ரிங் போகிறது.

எடுக்க மாட்டார். நான் எத்தனை தடவை எடுக்காமல் விட்டிருக்கிறேன். எடுக்க வேண்டும் என்று என்ன...

"ஹலோ. ஞானதிரவியம் சாரா? கனகமணி மோட்டார்ஸ்லேருந்து ரெனிட்டா பேசுறேன். இல்ல சார், செக் பண்ணிட்டுச் சொல்லல. எனக்கு முதல்லயே தெரியும். கேக்குதா சார்? நான் இப்ப ஏரல்லதான் இருக்கேன். மில்லுக்கு எதிர்ல இல்ல, உள்ள."

அக்கா, மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள். அவருக்கு நான் பேசுவது கேட்க வேண்டும்.